இரைச்சல் என்னும் தீர்ப்பு

படைப்பாளி ஒருவரின் வெற்றி பெற்ற ஆக்கமே அவரது அடுத்த ஆக்கத்தை அளக்கும் கோலாகிவிடுவது திறனாய்வுலகிற் புதிதன்று. ஈழத்துத் தமிழ்க் குடும்பமொன்றில், 1975 இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்தவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரிலேயே மேற்குலகம் அவரை அறியும். தந்தையின் பெயரால் ‘அருளர்’ (2005), தாயின் பெயரால் ‘கலா’ (2007), தம் பெயரால் ‘மாயா’ (2010) என மூன்று இசைத்தொகுப்புகளை அவர் அடுத்தடுத்து வெளியிட்டார்.

‘கலா’வில் நமது உறுமி மேளம் ஒலித்தது. ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை அதனை 2007 ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாகத் தெரிவுசெய்தது. ‘மாயா’வோ துளையிடும் பொறியின் ஓசையையும் உரத்த கிற்றாரையும் கொண்டு வந்தது. அதிலுள்ள பாடலொன்றை உருவாக்கியவர், செவியைப் பிளக்கும் ஒலிக்குப் பேர்போன ‘ஸ்லே பெல்ஸ்’ றொக் குழுவின் டெரெக் மில்லர் ஆவார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ‘கலா’ 18 ஆம் இடம்வரையே சென்றது; ‘மாயா’ 9 ஆம் இடத்தை எட்டியது. விமர்சகர்களோ பிளவுபட்டனர். ‘கலா’வுக்குப் பத்துக்கு 8.9 புள்ளி வழங்கிய ‘பிச்போர்க்’ ‘மாயா’வுக்கு 4.4 மட்டுமே வழங்கியது. துணிவு என்றனர் சிலர். வெறும் இரைச்சல் என்றனர் வேறு சிலர்.

இப்பின்னவர்கள்மீது எனக்குச் சினம் இருந்தது. போரின் ஒலியை அறியாதவர்க்கே இவ்விசை இரைச்சலாகப்படும் என வாதித்து, விடுமுறையில் உப்புவெளி வீட்டிலிருந்து கட்டுரையொன்று எழுதத் தொடங்கினேன். ஒலிபெருக்கியில் ‘மாயா’ முழங்கிக்கொண்டிருந்தது. குசினியிலிருந்து அம்மா வந்தார். அவர் கோபிக்கவில்லை. “பிள்ளை, அந்தச் சத்தத்தை நிப்பாட்டு. எனக்கு நெஞ்சு பதறுது” என்றார்.

2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் போர் மூண்டபோது, கொட்டியாற்றுக் குடாவைக் கடந்து வந்த எறிகணை முழக்கத்தை, கைக்குழந்தையாயிருந்த என்னை அணைத்தபடி கேட்டிருந்தவர் அவர். அவ்வொலி என் நினைவில் இல்லை. எனது வாதத்தின்படி, இவ்விசையைப் புரிந்துகொள்ள அவரினும் தகுதியுடையவர் யார்? அவரே அதனை நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கு எழுதியவற்றுள் அந்த வாதத்தை வெட்டினேன். இரைச்சல் என்னும் தீர்ப்பை வழங்குவோர் எல்லாரும் ஒரே காரணத்தால் வழங்குவதில்லை. முந்திய தொகுப்பின் இனிமையை மீண்டும் எதிர்பார்த்து ஏமாந்தோர் உளர்; அந்த ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதை நன்கறிந்தமையாலேயே செவியை மூடிக்கொள்வோரும் உளர். இவ்விரு சாராரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. ஆதலின், எதனைக் கேட்டோம் என்பதோடு, எங்கிருந்து கேட்டோம் என்பதையும் கூறத் திறனாய்வு செய்வோர் கடமைப்பட்டுள்ளனர்.

‘மாயா’ சிறந்த ஆக்கமே என்ற எனது கருத்து மாறவில்லை. ஆனால் போரொலியை நினைவிற் கொள்ளாத, போருக்குப் பின் வளர்ந்த ஒருவரின் செவியே என்னுடையது. இதனை முதல் வரியாக எழுதிய பின்னரே அக்கட்டுரையை மறுபடியும் தொடங்கினேன்.