ரிமோட் உன் கையில்

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடவில்லையே என்று கோபிக்காதே. இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் இடுப்பு ‘எழுந்திரு’ என்கிறது. இதையே மூன்று தவணையில்தான் எழுதுகிறேன்.

உன் சம்பந்தியம்மாள் வளைகாப்புக்கு வந்து சீர்த்தட்டை எண்ணிப் பார்த்த கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஓடி வந்தார். அதை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது என் கதையைக் கேள்.

எல்4–எல்5 டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஆறு வருஷம். ஸ்கேன் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்குத்தான் சரியாக இல்லை. இடுப்பில் கிளம்பி இடது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. மாத்திரை, முதுகில் ஊசி, பிசியோ, கொழுந்தனார் அனுப்பிய கேரளத் தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது வலி டாக்டர், “ஸ்டிமுலேட்டர் வைத்துப் பார்க்கலாமாம்மா?” என்கிறார். கரண்ட் அடிக்கிற வலிக்குக் கரண்டே மருந்தாம்!

மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோக டப்பா. அதுதான் பேட்டரி, இடுப்புக்குக் கீழே தோலுக்கு அடியில் உட்காருமாம். அதிலிருந்து மெல்லிய ஒயர், நுனியில் எட்டுக் குட்டி வளையம். அந்த நுனியைத் தண்டுவடத்துக்குப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்கள். வலிச் செய்தி மூளைக்கு ஏறுகிற வழியில் குறுக்கே ஒரு சின்ன மின்துடிப்பு. முட்டியில் இடித்துக்கொண்டால் தேய்த்துவிடுகிறோமே, வலி கொஞ்சம் அடங்குகிறதே, அந்தக் கணக்குதான். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசற்கதவு உண்டு என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் எழுத, 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்பவர் முதல் கருவியை ஒருவர் உடம்பில் வைத்துவிட்டார். நாம் அப்போது மூணாம் கிளாஸ்.

கருவிக் கம்பெனிப் பையன் ஒருவன் டை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். “லைஃபே மாறிடும் ஆன்ட்டி” என்றான். வெளியே பெஞ்சில் இருந்த திண்டுக்கல்காரம்மா வேறு மாதிரி சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு வைத்து இரண்டு வருஷமாம். கால் வலி பாதியாகக் குறைந்தது, இடுப்பு வலி அப்படியேதான். வாரம் ஒருமுறை பெல்ட் கட்டிக்கொண்டு சார்ஜ் போடுகிறார். நடுவில் ஒயர் நகர்ந்து மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வந்தார். “ஆனா ராத்திரி தூங்குறாரும்மா” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

நம் தெரு பிசியோவில் கொடுக்கிற டயாதெர்மி சூட்டை, கருவி வைத்த பிறகு கனவிலும் நினைக்கக்கூடாதாம். ஒயர் வழியாகச் சூடு ஏறி நரம்பையே பொசுக்கிவிடும். எம்ஆர்ஐ எடுப்பதானால் முன்கூட்டியே கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் ஆறு வாரம் குனியாதே, தூக்காதே, திரும்பாதே. செலவு பல லட்சம். மகள், “பணத்தை விடும்மா, நான் அனுப்புறேன்” என்கிறாள். மாப்பிள்ளையோ ராத்திரியெல்லாம் படித்து ஒரு குண்டைப் போட்டார்.

நார்வேயில் என்னை மாதிரியே ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி விடாத 50 பேருக்கு இதை வைத்தார்களாம். மூன்று மாதம் ஆன், மூன்று மாதம் ஆஃப் என்று மாற்றி மாற்றி, எது எப்போது என்று அவர்களுக்கே சொல்லாமல் ஒரு வருஷம் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. முன்பு இருந்ததைவிடச் சராசரியாகக் கொஞ்சம் தேவலை. ஆனால் ஆனில் இருந்தபோதும் ஆஃபில் இருந்தபோதும் பெரிய வித்தியாசமே இல்லையாம்!

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். மனுஷர் மழுப்பவில்லை. “அது ஒரேவகை மின்துடிப்பை வைத்துச் செய்த சோதனை. பலன் கிடைத்தவர்களை நானே பார்த்திருக்கேன். கிடைக்காதவர்களையும் பார்த்திருக்கேன். அதனாலதான் முதல்ல ட்ரையல்” என்றார். ஊசி வழியாக ஒயரை மட்டும் விட்டு, பெட்டியை வெளியே இடுப்பில் கட்டி, ஏழு நாள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த பேச்சு. பிடிக்காவிட்டால் ஒயரை உருவிவிடுவார்கள்.

அந்த ஏழு நாளைத்தான் நான் நம்பவில்லை, சரசு. மகள் பணம், இவருடைய ஆசை, என் ஆசை எல்லாம் சேர்ந்தால் நாற்பது குறைந்ததை அறுபது என்று நானே சொல்லிவிடுவேன். அதனால் நோட்டில் மூன்றே வரி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டூலைத் தேடாமல் இரண்டு பேருக்குத் தோசை சுட்டேனா? தெருமுனைப் பிள்ளையார் வரை நிற்காமல் நடந்தேனா? ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன்?

இன்னொன்றும் கேட்டுவிட்டேன். உடம்பில் விறுவிறுவென்று எதுவும் தெரியாத வகைத் துடிப்பும் இருக்கிறதாம். அதை வைத்து, நடுவில் ஒருநாள் எனக்குத் தெரியாமல் யாராவது அணைத்து வைக்கலாமா என்றேன். டாக்டர் சிரித்தார். “ஒருநாளை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் செய்யுங்கம்மா” என்றார்.

இவரிடம் கருவியின் ரிமோட்டைக் கொடுத்தால் காரியம் கெட்டது. மனுஷருக்கு எல்லாம் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். எட்டாம் கிளாஸில் டீச்சர் மேஜையில் மையைக் கொட்டியது யார் என்று இன்றுவரை வாயைத் திறக்காதவள் நீ ஒருத்திதான்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி ட்ரையல். 9ஆம் தேதி ராத்திரியே வந்துவிடு. ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொள், மூக்குக்கண்ணாடியை மறக்காதே. எந்த நாள் அணைத்தாய் என்று நான் எப்படிக் கெஞ்சினாலும், ஏழாம் நாள் நோட்டை மூடும்வரை சொல்லாதே.

உன்,
கமலா