மழைக்காலத்து சோல்

சென்னைக்கு மேற்கே இருக்கும் நெமிலிச்சேரியில் மலை கிடையாது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை இங்கே ரயில் பாதையைத் தாண்டுகிறது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வட்டாரத்தில் மலை ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அந்த மேம்பாலம்தான் மலை. விடியற்காலையில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், தொடை கெஞ்சும்வரை திரும்ப ஏறுகிறார்கள். சேற்றில் கால் பழக ஏரிக்கரை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சேற்றுக்குப் பஞ்சமில்லை.

நிஜமான மலைக்கு நினைத்தபோது போய்விட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, காட்டுக்குள் நுழைவதற்கான விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளை உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. ஆனால் அது நடப்பவர்களுக்கான ஏற்பாடு. ஆகவே மேம்பாலம்.

ஓடுபவர்களைப் பார்க்கத்தான் போனேன். பத்து நிமிடத்தில் பேச்சு ஷூவுக்குத் திரும்பிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சிக்மகளூர் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் மல்நாடு அல்ட்ராவில் 50 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வாய் பிளந்த ஷூ. “கடையில குடுத்தா புதுசு வாங்கச் சொல்றாங்க சார். அண்ணன்கிட்டதான் போகணும்” என்றார். கூடவே போனேன்.

அண்ணனின் கடை சி.டி.எச். ரோட்டோரம், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மரப்பெட்டி. மூன்று கால் இரும்பு, குத்தூசி, மெழுகு தேய்த்த நைலான் நூல், சொல்யூஷன் டப்பா. ஷூவை வாங்கியதும் பிளந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“குதிகால் பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. எறங்கும்போது பிரேக் போடுறாரு.”

மலை ஓட்ட ஷூவின் அடியில் நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பர்க் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். 1935-ல் ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விடாலே பிரமானி, அவர்கள் காலணி சரியில்லாததும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று நினைத்து, ரப்பரில் பல் வைத்த அடிப்பாகத்தை உருவாக்கினார். வைப்ரம் நிறுவனம் அப்படிப் பிறந்தது. பாறைக்காகவும் சேற்றுக்காகவும் பிறந்த அந்தப் பல்லை நம் ஆட்கள் கான்கிரீட்டில் தேய்க்கிறார்கள். வேறு வழியும் இல்லை.

பிளந்த இடத்தில் விரலை விட்டுத் தடவினார். “உள்ள ஈரம் இருக்கு. இன்னிக்கு ஒட்டினா நாளைக்கே வாயைத் திறக்கும்.” பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைக்கச் சொன்னார். அடுப்புப் பக்கம் காட்டினால் நடுவிலிருக்கும் ஃபோம் சுருங்கி, சோல் கோணிக்கொள்ளுமாம்.

ஷூ காய்ந்ததும் வேலை தொடங்கியது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினார். சொல்யூஷனை இரு பக்கமும் மெல்லிசாகத் தடவியவர், ஒட்டாமல் சும்மா உட்கார்ந்துவிட்டார். வேலையே அந்தச் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது. விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறிய நாளில் அந்தப் பதம் சீக்கிரம் வராது. சில நாள் பசையின் மேலேயே பனி பூத்ததுபோல ஈரம் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அதனால்தான் மழை நாளில் பசையை மட்டும் நம்பாமல் ஓரம் முழுக்க ஒரு தையலும் போடுகிறார். குத்தூசி ரப்பரைத் துளைக்கும்போது தோள் வரைக்கும் பலம் போகிறது.

செய்யாறு சிப்காட்டில் இதே மாதிரி ஷூக்களை ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், உலகச் சந்தைக்குச் செய்துகொடுக்கிறார்கள். தோல் காலணிக்குப் பேர்போன ஆம்பூரும் நெமிலிச்சேரியைத் தாண்டிப் போகும் இந்த ரயில் பாதையில்தான் இருக்கிறது. செய்வதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு. பழுது பார்க்க ஒரு தார்ப்பாய். ஒன்பதாயிரம் ரூபாய் ஷூவை இன்னொரு பருவம் ஓடவைக்க அவர் கேட்டது 200 ரூபாய். இளைஞர் பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

பையில் இன்னொரு ஜோடியும் இருந்தது. பழசு, ஆனால் அதிகம் ஓடாதது. அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினார். நடு ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இது ஓடிக் கெட்டது இல்ல. பரண்ல கெட்டது.”

பாலியூரித்தேன் ஃபோமுக்குக் காற்றின் ஈரமே எதிரி. போடாமல் மூடி வைத்தாலும் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். கடலோர ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

“மேல்பாகம் நல்லாதானே இருக்குண்ணே? நடுவுல மட்டும் மாத்த முடியாதா?”

“லேஸைக் கழட்டிக்கோ தம்பி. தெச்சதுல ஒரு பக்கம் நைஞ்சுபோச்சு, அதுக்கு ஆகும்.”