கூடத்துத் தரைக்குக் கீழே

ஐப்பசி 3

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த பிறகு, கும்பகோணத்து வீட்டின் கூடத்தில், ஊஞ்சலுக்கு மேற்கே டைல் கற்களின் இணைப்பிலிருந்து நீர் கசிந்து ஒரு முழ அகலத்துக்குத் தேங்கியிருக்கக் கண்டேன். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே கிடக்கும் இவ்வூரில் பூமிக்குள் ஜலம் இருப்பது ஆச்சரியமன்று. ஆயினும் அது தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்பதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும். அக்காரணம் நிச்சயமாகும்வரை ஒரு கல்லையும் பெயர்ப்பதில்லை என்று தீர்மானித்து, காண்பதையெல்லாம் அன்றன்றே எழுதிவரத் தொடங்குகிறேன்.

வீடு எங்கள் பாட்டனார் காலத்தது: திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சூழ்ந்த தாழ்வாரம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை, கொல்லையில் கிணறு. ஒன்றரை அடி கனமுள்ள செங்கற்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. நடுவில் சிலகாலம் வாடகைக்கு இருந்தவர்கள், சதுரச் செங்கல் பாவிய பழைய தரையின்மேல் சிமெண்டு பூசி டைல் பதித்து, சுவர்களின் அடிப்பாகத்தில் உதிர்ந்துபோன சுண்ணாம்புப் பூச்சுக்குப் பதிலாகவும் சிமெண்டையே பூசியிருக்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் பூமியிலிருந்து ஏறும் ஈரத்தை உறிஞ்சி, உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும் சுபாவமுள்ளவை. அவ்வழியைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், தரையில் வெளிப்பட வேண்டிய ஓதம் சுவருக்குள் புகுந்து, சிமெண்டு எங்கே முடிகிறதோ அதற்கும் மேலே சென்று உப்பாகப் பூக்கும். இங்கும் நாலடி உயரத்தில் வெள்ளைக் கோடிட்டாற்போல் உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்கிறது.

ஐப்பசி 5

கொத்தனாரை வரவழைத்தேன். தேர்ந்த கைகாரர், ஆனால் அவரும் இக்காலத்து வழக்கத்தையே முதலில் சொன்னார். “தளத்தைக் கொத்தி எடுத்து, கெமிக்கல் அடிச்சு, மேலே கிரானைட் போட்டுட்டா அப்புறம் தண்ணியே தெரியாதுங்க ஐயா” என்றார். தெரியாமற் போகும் என்பது மெய்தான். தெரியாமற் போன நீர் எங்கே போகும் என்று கேட்டேன். சற்று யோசித்து, “சுவத்துலதான் ஏறும்” என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்து, “இது ஊற்றுக்கண் தம்பி. ஆத்துல தண்ணி நிறைஞ்சா இந்தத் தெருவிலே ஊறத்தான் செய்யும்” என்றார். அவர் வார்த்தையை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. மனித தேகத்தில் இரத்தநாளங்கள் ஓடுவதைப் போலவே பூமிக்குள்ளும் மேலும் கீழுமாக நீர்நாளங்கள் ஓடுகின்றன என்று ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் எழுதினார். பிருஹத் ஸம்ஹிதையில் ஓர் அத்தியாயம் முழுவதையும், மரங்களையும் புற்றுகளையும் கொண்டு அந்நாளங்களைக் கண்டறியும் முறைக்கே ஒதுக்கினார். ஆறு பெருகினால் ஊற்றும் பெருகும் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டில் நீண்ட பரம்பரை உண்டு.

ஆனால் அக்கா ஒன்று சொன்னாள்: “ஆடிப்பெருக்கன்னிக்கு ஆத்துலே கரை கொள்ளாத தண்ணி. அப்போ கூடத்துலே ஒரு சொட்டு ஈரம் இல்லையேடா.” 1934-ல் கட்டிமுடித்த மேட்டூர் அணை, நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் 12-ல் திறக்கப்படுவது மரபு, அதுமுதல் தை மாதம்வரை காவிரியில் ஓட்டம் உண்டு. ஆற்றின் நீர்தான் காரணமென்றால், மழையில்லாத ஆடியிலும் அது தன்னைக் காட்டியிருக்க வேண்டுமல்லவா? ஆற்றைக் குற்றஞ்சாட்ட எனக்கு இனித் துணிவில்லை.

ஐப்பசி 6

கொத்தனார் டியூப் லெவல் கொண்டுவந்தார். தண்ணீர் நிரப்பிய நீண்ட தெளிந்த குழாய். இரு நுனிகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற ஒரே நியதியைக் கொண்டு, சுவர்களுக்கு அப்பாலுள்ள உயரங்களையும் ஒப்பிட்டுவிடலாம். கூடத்தின் மட்டத்தைக் கிணற்றுச் சுவருக்குக் கொண்டுபோய்க் குறித்து, அங்கிருந்து கயிறு விட்டு அளந்தபோது, கிணற்று நீர் கூடத்துக்கு ஆறரை அடி கீழே இருந்தது. குளியலறைச் சாக்கடையும் கொல்லையோடு சேர்ந்து கூடத்துக்கு இரண்டடி தாழ்ந்தே கிடக்கிறது; அங்கிருந்து நீர் மேட்டுக்கு ஏறி வர வழியில்லை.

மண்ணின் நுண்ணிய துவாரங்கள் வழியே நீர் மேலே ஏறும் என்பது உண்மை. களிமண்ணில் அது பல அடி ஏறும், பருமணலில் ஓரடிக்குள் நின்றுவிடும். ஆனால் அவ்வாறு ஏறும் நீர் எதையும் நனைக்குமேயன்றி, வெளியே வந்து தேங்காது. எந்தத் துவாரம் அதை மேலே இழுத்ததோ அதே துவாரம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தரைமேல் குட்டையாகத் தேங்கும் நீரோ, தன்னிலும் உயர்ந்த ஒரு மட்டத்திலிருந்து அழுத்தம் பெற்று வந்த நீர். ஆகவே நான் தேடவேண்டிய மூலம், தரைக்குக் கீழே நீரைக் கண்டபோதிலும், தரைக்கு மேலே எங்கோ இருக்கிறது. இன்றைய தினத்தின் பெரிய லாபம் இதுவே.

ஐப்பசி 9

ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வேர்ப்பதும் உண்டு என்பதால், காய்ந்திருந்த ஓரிடத்தில் பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டிவைத்திருந்தேன். துளிகள் தாளின் மேல்பக்கம் இல்லை. அடிப்பக்கத்திலேயே முத்து முத்தாக நின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் விட்ருவியஸ், கட்டடக்கலை பற்றிய தமது பத்து நூல்களில் எட்டாவதை முழுதும் தண்ணீருக்கே அளித்து, இதே பரீட்சையைக் கூறியிருக்கிறார்: மாலையில் ஒரு குழி தோண்டி, உட்புறம் எண்ணெய் தடவிய வெண்கலப் பாத்திரத்தை அதில் கவிழ்த்து, தழையும் மண்ணும் இட்டு மூடி, மறுநாள் திறந்து பார்க்க வேண்டும்; உள்ளே துளிகள் கண்டால் அடியில் நீருண்டு.

ஐப்பசி 12

குழாய்நீர்ப் பரீட்சை. குளோரின் சோதனைக்குரிய சொட்டு மருந்தை இட்டதும் குழாய்நீர் மஞ்சளாயிற்று. தரையில் ஒற்றியெடுத்த நீர் நிறம் மாறவில்லை. இதுமட்டும் போதிய பிரமாணமாகாது, ஏனெனில் மண்ணின் ஊடே வரும்போது குளோரின் அழிந்துபோகக்கூடும். ஆகவே தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வையும் முன்பே அடைத்துவைத்திருந்தோம். அடைத்திருந்த நாட்களிலும் மழைக்குப்பின் கூடம் நனைந்தது. குழாய்நீர் விடுதலை பெற்றது.

ஐப்பசி 17

எழுதிவந்த நேரங்களை ஒருசேர வாசித்தபோதுதான் விஷயம் விளங்கத் தொடங்கிற்று. நடுநிசியில் மழையென்றால் காலையில் கசிவு. பிற்பகலில் மழையென்றால் விளக்கு வைத்தபின் கசிவு. மழையில்லாத நாட்களில் மெல்ல அடங்கி, ஈரம் மட்டும். எங்கே வருகிறது என்பதையே நோக்கிக்கொண்டிருந்தால் அந்த ஊஞ்சலடியைத்தான் ஆயுள் முழுதும் கொத்திக்கொண்டிருப்போம். எப்போது வருகிறது என்பதை நோக்கியபோது நீர் தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லிற்று.

வீட்டிற்குள் மழை இறங்கும் இடம் முற்றம் ஒன்றே. அம்முற்றத்தையும் முன்பு இருந்தவர்கள் மேலே ஃபைபர் தகடு போட்டு மூடி, தகட்டின் நீரை ஒரு பி.வி.சி. குழாய்வழியே இறக்கி, முற்றத்து மூலையில் சிமெண்டால் இறுக்கிவிட்டிருக்கிறார்கள். அக்குழாய் எங்கே போகிறது? “அப்பா காலத்துலே முற்றத்துத் தண்ணியெல்லாம் ஜலதாரை வழியாத் தெருவுக்குப் போயிடும்” என்றாள் அக்கா. கொத்தனார் சுத்தியலின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். முற்றத்து மூலையிலிருந்து கூடத்தின் ஓரமாக, ரேழிக்கடியில், வாசற்படிவரை ஒரே நேர்கோட்டில் ஓசை வெறுமையாய் ஒலித்தது. ஊஞ்சலின் மேற்குப் பக்கம் அக்கோட்டின்மேலேயே இருக்கிறது.

ஐப்பசி 20

அனுமானம் எவ்வளவு வலியதாயினும் பிரத்தியட்சத்துக்கு ஈடாகாது. ரசாயன ஆசிரியரான நண்பரிடமிருந்து ஃப்ளோரஸீன் என்னும் பச்சைச் சாயம் சிறிது பெற்றேன். 1877-ல் ஜெர்மனியில் அடால்ஃப் க்னோப் என்னும் அறிஞர், டான்யூப் நதி பாறைப் பிளவுகளில் மறையும் இடத்தில் இதே சாயத்தைப் பத்துக் கிலோகிராம் கலந்தார். ஏறத்தாழ 60 மணி நேரத்துக்குப்பின், 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் நதியின் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது. கருங்கடலுக்குச் செல்ல வேண்டிய நீரில் ஒரு பங்கு பூமிக்குள் புகுந்து ரைன் நதியைச் சேர்கிறது என்பது அதனால் ஸ்தாபிதமாயிற்று.

எங்கள் வீட்டில் அவ்வளவு தூரமில்லை. காலையில் தகட்டுக் குழாயின் மேல்வாயில் சாயத்தையும் குடங்குடமாய் நீரையும் ஊற்றினோம்; நீர் உள்ளே இறங்காமல் குழாயில் ஆள் மார்பளவுக்கு நின்றது. நடுப்பகலில் கூடத்து டைல் இணைப்பில் பச்சை நீர் அரும்பிற்று. அக்கா “அம்பாளே” என்று கைகூப்பினாள். தெருப்பக்கம் ஒரு துளியும் வரவில்லை.

கார்த்திகை 4

காரணம் தெரிந்த பிறகே கடப்பாரை எடுக்கப்பட்டது. வாசலில் தோண்டியதில் ஜலதாரையின் வாய் அகப்பட்டது. அது இப்போது தெருவுக்கு ஒன்றே முக்கால் அடி கீழே இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசலின் ஐந்து படிகளில் மூன்று புதைந்துபோயின. சாக்கடையும் கூடவே உயர்ந்தது. போக்கிடமற்ற மழைநீர் தகட்டுக் குழாய்க்குள் உயர்ந்து நின்று, அந்தப் பாரத்தால் ஜலதாரையின் வெடித்த இணைப்புகள் வழியே கூடத்து மணலுக்குள் புகுந்து, தரையை அடியிலிருந்து தள்ளியிருக்கிறது. வெடிப்பு இருந்த இடம் ஊஞ்சலுக்கு நேர் மேற்கே.

கார்த்திகை 16

தகட்டு நீரைக் கொல்லைக்குத் திருப்பி, மணலும் சரளையும் இட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கிவிட்டோம். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டின் சட்டம் கேட்பதும் இதுவே. பழைய ஜலதாரையை மணலிட்டு நிரப்பி இருபுறமும் அடைத்தாயிற்று. சுவரோரமாய் ஓரடி அகலத்துக்கு டைலை நீக்கி, சிமெண்டுப் பூச்சைத் தட்டியெடுத்து, சுண்ணாம்பு பூசுவதற்காகச் சுவரைத் திறந்து விட்டிருக்கிறோம். நனைந்த பழஞ்சுவர் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஆதலால் அடுத்த ஆண்டு கடந்தும் பொறுத்திருக்க வேண்டும்.

தார் மேல் தார் போடாமல் பழைய பரப்பைச் சுரண்டியபின்னரே புதுச்சாலை இடவேண்டும் என்று 2021-ல் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதை நேரில் நின்று கேளுங்கள். பழைய வீடுடையவர்கள், அடுத்த புரட்டாசிக்குள், உங்கள் முற்றத்து நீர் வெளியேறும் வாய் தெருமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.