கோவளத்தின் சிற்றலைகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கி.மீ. தெற்கே கோவளம். கோடைக் காலையில் கடல் சாதுவாக இருந்தால் இடுப்பளவு அலைகள்தான் வரும். ஆறடிக் குட்டைப் பலகைக்கு அந்த வேகம் போதாது. ஒன்பதடி நீளப் பலகைக்கோ அதுவே விருந்து. மிதக்கும் பரப்பு அதிகம் என்பதால் சோம்பேறி அலைகூட அதைத் தூக்கிக்கொள்ளும். பழகியவர்கள் எழுந்து நின்று, பலகையின் முனைவரை நிதானமாக நடந்தே போகிறார்கள்.

கட்டுமரம் ஓட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அலையின் போக்கு அத்துபடி. உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியபோது வைத்த நிபந்தனை: குடி, புகை கூடாது. அப்பாக்களுக்குப் பிழைப்பு தந்த கடல், பிள்ளைகளுக்குக் குதூகலத்தையும் பயிற்சியாளர் வேலையையும் தருகிறது. புதிதாகப் பழக வருபவர்களுக்கும் முதலில் கிடைப்பது நீளப் பலகையும் சின்ன அலையும்தான்.