பாட்டுக்கு நூறு மைல்!

டெலிவிஷனில் 'சூப்பர் சிங்கர்' பார்த்துக் கண் கலங்குகிறீர்களே, அது 2006-ல் வந்தது. இந்தப் போட்டிகளுக்கு மூத்தவர் அமெரிக்க ரேடியோவின் மேஜர் போவ்ஸ். 1934-ல் தொடங்கினார். பாட்டு சரியில்லையா? பாதியிலேயே சேகண்டியைத் தட்டி அனுப்பிவிடுவார், மனுஷர்! 1935-ல் அவரிடம் தப்பித்த பையன்களில் ஒருவன் பிராங்க் சினாட்ரா.

நம் பெண்களுக்கோ சேகண்டி வரை போவதே பெரும்பாடு. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிப் பாருங்கள். சென்னையில் வானொலி நிலையம் 1938-ல் வந்தது, திருச்சியில் 1939-ல். எந்தப் பக்கம் ரயில் ஏறினாலும் சுமார் 100 மைல். 1954-ல் அகில இந்திய வானொலி இளைஞர்களுக்குச் சங்கீதப் போட்டி தொடங்கியது, வாஸ்தவம். ஆனால் துணைக்கு அப்பா லீவு போட வேண்டும்; தங்குவதற்கு அத்தை வீடு வேண்டும். குரல் மட்டும் இருந்தால் போதுமா? நவராத்திரிக் கொலுவோடு நின்றுபோன சாரீரங்கள் எத்தனையோ!

1967-ல் புதுச்சேரியில் வானொலி நிலையம் வந்தது. விழுப்புரத்துக்கும் சரி, திண்டிவனத்துக்கும் சரி, சுமார் 25 மைல்தான். காலையில் பழையதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், மைக் முன்னால் பாடிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். அப்பா கூட அரை நாள் லீவோடு தப்பித்தார்!