பலகை பிடித்து நின்ற அரை மணி நேரம்

1997 கோடையில் அப்பாவின் டாடா 1210 லாரி உச்சிப்புளியில் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறையில் பதினொரு நாள் நின்றது. வாலிநோக்கத்து உப்பளத்தில் சரக்கு ஏற்றி, மண்டபம், பாம்பன் பக்கம் கருவாடு போடும் இடங்களுக்கு இறக்குவதுதான் அதன் பிழைப்பு. உப்பு ஏற்றும் வண்டிக்கு ஆயுசு குறைவு. தார்ப்பாய் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உப்புத்தண்ணீர் சேஸில் கசிந்து இறங்கும். அது விட்டதைக் கடல்காற்று பார்த்துக்கொள்ளும்.

வண்டியில் இரண்டு கோளாறு. மூன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். கூடவே, ஐடிலில் நிற்கும்போது அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். முதலில் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, “கிராங்க் பேரிங் போச்சு, என்ஜினை முழுசாப் பிரிக்கணும்” என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையில் இன்னொரு பழைய வண்டியே பார்த்திருக்கலாம். அப்பா பதில் சொல்லாமல் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு உச்சிப்புளி பாயிடம் வந்தார்.

பாய் சொன்னது இவ்வளவுதான்: “கியர் பாக்ஸை எப்படியும் இறக்கத்தாண்ணே போறோம். இறக்கினதும் என்ஜினைத் தனியா ஓட்டிக் கேட்டுருவோம். அப்புறம் பணத்தைப் பத்திப் பேசலாம்.”

கியர் பாக்ஸ் இல்லாமல் என்ஜின் ஓடுமா என்று எனக்குச் சந்தேகம். சில வண்டிகளில் ஓட்ட முடியாது. செல்ஃப் மோட்டாரே கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங்கில்தான் பொருந்தியிருக்கும், அதை இறக்கினால் செல்ஃபும் போய்விடும். எங்கள் வண்டியில் ஃப்ளைவீல் கூடு என்ஜினோடு இருந்தது, செல்ஃப் அதன்மேல் இருந்தது. என்ஜினின் பின்பக்கம் தொங்காமலிருக்கக் கட்டை கொடுத்து ஜாக்கி வைத்தார்கள். பிரஷர் பிளேட்டையும் கிளட்ச் பிளேட்டையும் கழற்றி எடுத்தார்கள். ஃப்ளைவீல் மறைப்பில்லாமல் பின்புறம் திறந்து தெரிந்தது. பாய் தன் கைலியை மடித்து இறுக்கிக் கட்டினார், தோள் துண்டை எடுத்து எறிந்தார், பையன்களைப் பின்பக்கத்திலிருந்து விரட்டினார். சுற்றுகிற ஃப்ளைவீலுக்குத் துணியும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, டியூப் ரப்பர் சுற்றிய ஒரு பலகையைக் கொடுத்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றியிருந்தது. “தம்பி, நான் கையைத் தூக்கினா இதை அந்த வாயில வச்சு அமுக்கணும். யோசிக்கக்கூடாது.”

காரணத்தை அப்புறம்தான் சொன்னார். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது, சாவியைத் திருப்பி நிறுத்த. பம்பில் ராக் சிக்கிக்கொண்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். மற்ற நேரமாக இருந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தலாம். கியர் பாக்ஸ் தரையில் கிடக்கும்போது அந்த வழியில்லை. ஸ்டாப்பர் கேபிளும் கேட்காவிட்டால், காற்றை அடைப்பது ஒன்றுதான் மிச்சம். பதினேழு வயதில் என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பெரிய வேலை அந்தப் பலகைதான்.

ஏர் எடுத்தார்கள், செல்ஃப் அடித்தார்கள். இருமிக்கொண்டு பிடித்தது. நீலப்புகை கொஞ்சம் வந்து அடங்கியது. சத்தம் இருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பாய் அவசரப்படவில்லை. ஸ்பேனரோடு ஒவ்வொரு நாசில் பைப்பாக நட்டைத் தளர்த்தி, அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து கேட்டார். கிராங்க் பக்கத்து பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் அடி குறையும், சத்தம் மாறும். ஒன்று, இரண்டு, மூன்று… ஆறும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் என்ஜின் நொண்டியது. ‘டொக் டொக்’ மட்டும் மாறவே இல்லை. அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து முன்னிருந்து பின்னாக வந்தவர், ஃப்ளைவீல் கூட்டில் வைத்ததும் நிறுத்தச் சொன்னார்.

கிரீஸும் கிளட்ச் தூசியும் மூடிக் கிடந்த நடுப்பகுதியைத் துடைத்தார். போல்ட்டுகளின் அடியில் செங்காவி நிறத்தில் மாவு மாதிரிப் பொடி. இரும்போடு இரும்பு தளர்ந்து உரசினால் வருகிற துரு அது. ஃப்ளைவீல் போல்ட்டுகள் இளகியிருந்தன; கிராங்க் நன்றாகவே இருந்தது. புது போல்ட்டுகள் போட்டு, டார்க் ரெஞ்சில் முறுக்கி, மறுபடி ஓட்டியபோது சத்தம் இல்லை. இருபது நிமிடம் ஓடியபின் பின்பக்க ஆயில் சீலிலிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கியதைக் கண்டுபிடித்தார். கியர் பாக்ஸை ஏற்றியபின் அது கண்ணில் பட்டிருந்தால் வேலை முழுவதையும் மறுபடி செய்திருக்க வேண்டும்.

இப்போது தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மண்டபம், ராமேசுவரம் துறைகளில் நடக்கும்போது எனக்கு அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வரும். விசைப்படகுகளின் வயிற்றில் இருப்பவற்றில் பல லேலண்டு என்ஜின்கள், லாரிகளில் ஓடுகிற அதே குலம். கியரைக் கழற்றிவிட்டு மேஸ்திரிகள் ஓட்டிப் பார்க்கிறார்கள். படகுக்காரர்கள் தலையைச் சாய்த்து நின்று கேட்கிறார்கள். சாலையில் என்ஜின் நின்றால் ஓரத்தில் உட்காரலாம். பாக் நீரிணையில் நின்றால் காற்று எந்தக் கரைக்குத் தள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் காதுகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பாரமில்லாமல் ஓடும் என்ஜின் எல்லா உண்மையையும் சொல்லாது. தேய்ந்த ரிங்கும் சோர்ந்த நாசிலும் சும்மா ஓடும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். எடை ஏறினால்தான் கரும்புகை கக்கும். பாய்க்கு அது தெரியும். கியர் பாக்ஸ் ஏறிய அன்றே கூலியை வாங்க மறுத்துவிட்டார். “லோடு ஏத்துங்கண்ணே, நானும் வர்றேன்.”

மறுநாள் உப்பு மூட்டைகளோடு பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினோம். 1988-இல் அது திறக்கும்வரை ராமேசுவரம் தீவுக்கு லாரி தன் சக்கரத்தில் உருண்டு போனதில்லை. கப்பல் அடியில் போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும் பாலம், எங்கள் சமவெளி மாவட்டத்தில் லாரிக்குக் கிடைத்த பெரிய மேடு. கீழே வலப்பக்கமோ இடப்பக்கமோ பார்க்காமல் பாய் என்ஜின் மூடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தார். அப்பா மூன்றாம் கியருக்கு மாற்றினார். லிவர் கழலவில்லை. உச்சி வந்து, வண்டி இறக்கத்தில் இலேசானபோது பாய் கண்ணைத் திறந்து கண்ணாடியில் பின்னால் புகையைப் பார்த்தார். “சரிண்ணே,” என்றார், “இப்ப கூலியைக் குடுங்க.”