நிலவுக்குப் புறப்படுமுன்

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தில் இருவர் நிலவில் நடந்து திரும்பினர். அவர்களோடு, அங்கே கால் பதித்தோர் பன்னிருவர். இப்போது நம் நாடும், 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்பவேண்டும் என்று 2023இல் இலக்கு வகுத்திருக்கிறது. புவியைச் சுற்றிவருவதோடு நில்லாமல், மனிதன் அப்பாலும் போகத்தான் வேண்டுமா?

வீண்செலவு என்று ஒதுக்கிவிடக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நம்மால் இயலாது. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் வாழ்கிறவர்கள் நாம். கட்டியது வெள்ளத்தில் போயிற்று. தொழிலாளர் பலர் மாண்டனர். ஆயினும் 1895இல் பென்னிகுவிக் அணையை முடித்தார். நம் வயல்களில் இருபோகம் விளைந்தது.

நிலவுப் பயணம் எதைக் கொண்டுவரும்? சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று ஆளில்லாமலே நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது உண்மைதான். ஆனால் அப்பல்லோ வீரர்கள் பொறுக்கிச் சேர்த்த 382 கிலோ கல்லும் மண்ணும் இன்றளவும் ஆய்வுக்கு உதவுகின்றன. தேர்ந்த மனிதக் கண்ணின் பயன் அது. ஆகவே பயணத்தில் நன்மை உண்டு. அதன் சுமையை ஏற்போரின் சம்மதம் உண்டா என்பதே நம் கவலை.

நம் மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, 2015இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அறிவியல் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் மலைக்கும் நீருக்கும் என்ன நேரும் என்ற மக்களின் அச்சம் தீரவில்லை, திட்டம் தேங்கிப்போயிற்று.

தும்பாவில் வேறு விதமாக நடந்தது. ராக்கெட் தளத்துக்காகப் புனித மகதலேனா மரியா ஆலயம் இருந்த நிலத்தை விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா, ஞாயிறு வழிபாட்டில் இறைமக்களிடமே கருத்துக் கேட்டார் என்று அப்துல் கலாம் நினைவுகூர்ந்துள்ளார். மக்கள் 'ஆமென்' என்றனர். மீனவர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது.

மனிதன் நிலவுக்குப் போகட்டும் என்றே நாம் சொல்வோம். ககன்யான் திட்டத்துக்கு மட்டுமே 2024இல் 20,193 கோடி ரூபாய் வரை ஒப்புதல் தரப்பட்டுள்ளது. நிலவுக்கு இன்னும் மிகுதியாக வேண்டியிருக்கும். அந்தக் கணக்கையும், உயிருக்குள்ள ஆபத்தையும், எதிர்பார்க்கும் பயனையும் வரி கொடுக்கும் மக்களுக்கு அவரவர் மொழியில் முதலில் விளக்கட்டும். கேட்டபின் மக்கள் சொல்லும் 'ஆம்' என்ற சொல்லோடு அக்கலம் புறப்படட்டும்.